ஜானகி நிற்கும் வரிசை

சிங்கப்பூர்
9 நவம்பர் 1952

அன்புள்ள அக்கா இருசம்மாளுக்கு,

தம்பி தங்கராஜு எழுதுவது. நான் சுகம். உன் இடுப்பு வலி குறைந்ததா? தங்கச்சி ஜானகி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, இல்லை இன்னும் வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுத்தான் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறாளா?

தீபாவளிக்கு வராததற்குக் கோபிக்காதே. லீவு கேட்டேன். "பொணத்துக்கு ஏதுய்யா தீவாளி?" என்று கல்லூரி ஆபீஸ் தலைமைக் கிராணி சிரித்தான். அவன் வீட்டில் மட்டும் மூன்று நாள் பலகாரம்.

மருத்துவக் கல்லூரியில் என்னை மூளை அறைக்கு மாற்றிவிட்டார்கள். அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றிலும் மருந்துத் தண்ணீரில் ஒரு மூளை. துடைப்பதும், வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவதும் என் வேலை. ஒன்று சொல்கிறேன், வெள்ளைக்காரன் மூளையும் நம் ஆள் மூளையும் ஜாடிக்குள் ஒரே நிறம்தான்.

போன வாரம் டாக்டர் மோர்லி பாடம் எடுத்தார். ஆண் மூளை கனம், பெண் மூளை அதைவிட இலேசு என்று தராசில் வைத்துக் காட்டினார். பையன்கள் கடைசி பெஞ்சில் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். வகுப்பு கலைந்ததும் கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துப் போய் அவர் முன் வைத்தேன். ஜப்பான்காரன் காலத்தில் அதன் சீட்டைப் பூச்சி தின்றுவிட்டது. "இது ஆம்பளையா, பொம்பளையா சார்?" என்று கேட்டேன். நிறுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "தெரியவில்லை" என்றார்.

"இப்பத்தானே கனத்தைப் பத்திச் சொன்னீங்க?"

"அது சராசரி, தங்கராஜு. கூட்டத்துக்குப் பொருந்தும். ஒற்றை ஆளுக்குப் பொருந்தாது."

எனக்கு உடனே ஜானகி ஞாபகம் வந்தாள். அவள் அடையாளக் கார்டில் இன்னும் 'வீரமுத்து, ஆண்' என்றுதான் இருக்கிறதா? கூடவே உம்பாய்க் கடற்கரையும் ஞாபகம் வந்தது. கருவாடு வாங்க அப்பா நம் மூவரையும் கூட்டிப் போனாரே, அந்த மீன்காரம்மா முன்னால் ஜானகி சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? நான் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பார்த்தவன் என்ன நினைத்தானோ.

போன கடிதத்தில் ஜானகியைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எழுது.

உன் பாசமுள்ள தம்பி,
தங்கராஜு


சுங்கை ரம்பாய்
2 டிசம்பர் 1952

பாசமுள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இருக்கிறோம். இடுப்பு வலி மழைக்கு வருகிறது, வெயிலுக்குப் போகிறது. உனக்கு அந்த மருந்து நாற்றத்தில் சோறு இறங்குகிறதா?

உம்பாய் எனக்கும் நினைவிருக்கிறது. அப்பா வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். அப்படி அவர் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஜானகியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நம் குடியிருப்பு லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டதும், கேட்டில் சோதனை வைத்ததும் உனக்குத் தெரியும். விடிகாலையில் பால் வெட்டப் போகும்போது காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிறோமா என்று தடவிப் பார்ப்பார்கள். ஆண்கள் வெளியே வரிசையில் நிற்க வேண்டும். பெண்களுக்குத் தகரக் கொட்டகை. அங்கே சோதிக்கிறவள் பாக்கியலட்சுமி, டவுனிலிருந்து வந்தவள், நல்ல மாதிரி. இவ்வளவு நாளும் ஜானகி எங்களோடு கொட்டகைக்குள்தான் வந்தாள். பாக்கியலட்சுமி அவள் முந்தானையைத் தட்டிவிட்டு, "போ தாயி, ஒன் கொண்டையிலதான் அரிசி ஒளிக்கலாம், அதுலயும் பூவத்தான் வச்சிருக்க" என்று அனுப்பிவிடுவாள்.

போன மாதம் புதிய போலீஸ் அதிகாரி வந்தார். கார்டையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கார்டில் ஆண். ஆண்கள் வரிசைக்குப் போ" என்றார். அங்கே ஸ்பெஷல் போலீசாக நிற்பது யார் தெரியுமா? கங்காணி பெரியதம்பியின் மகன் தம்புசாமி.

"வா லா வீரமுத்து, ஒனக்கு நான்தான் சரியான ஆளு" என்றான்.

ஜானகி என்னைப் பார்த்தாள். நான் கொட்டகைக்குள் போய்விட்டேன். வரிசை நகர்கிறது, நான் என்ன செய்ய?

வேறொன்றும் இல்லை. மழை அதிகம். பால் குறைவு.

இப்படிக்கு அக்கா,
இருசம்மாள்


சிங்கப்பூர்
14 டிசம்பர் 1952

அன்பான அக்காவுக்கு,

நான் உடம்புக்கு நன்றாக இருக்கிறேன். மனசுக்கு இல்லை. நீயும் ஜானகியும் மழையில் நனையாமல் இருங்கள்.

தம்புசாமியா? அந்தத் தம்புசாமியா! சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்த வருஷத்தை அவன் மறந்துவிட்டானா? அப்பாவைக் கொண்டுபோய்விட்டார்கள். நான் புகைக்கூடத்தில் ரப்பர்த் தாள்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். ஜானகிக்கும் தம்புசாமிக்கும் மீசைகூட அரும்பவில்லை என்று அம்மா உன் பாவாடை இரண்டை எடுத்து இருவருக்கும் கட்டிவிட்டாள். லயத்து வாசலில் இரண்டு பெண் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கு சீவுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சிப்பாய் கிட்டே வந்தபோது தம்புசாமி பயந்து பாவாடையிலேயே மூத்திரம் போய்விட்டான். ஜானகிதான் வாளித் தண்ணீரைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு, "கையை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி சனியனே!" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சிப்பாய் சிரித்துவிட்டுப் போனான். அந்தக் குட்டினால்தான் அவன் இன்று தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறான்.

சண்டை முடிந்த அன்றே தம்புசாமி பாவாடையை அடுப்பில் போட்டான். ஜானகி அம்மாவிடம் போய், "இன்னொண்ணு தச்சுக் குடும்மா" என்றாள். பாவாடை கட்டிவிட்டதால்தான் பையன் கெட்டுப்போனான் என்று தோட்டமே அம்மாவைப் பேசியது. அதே பாவாடைதானே இவனுக்கும்? இவன் ஏன் பெண்ணாகவில்லை? இதைக் கேட்க அந்தத் தோட்டத்தில் ஒரு நாக்கு இல்லை.

இங்கே ஆங்கிலப் பேப்பரில் ஒரு செய்தி. அமெரிக்காவில் பட்டாளத்தில் இருந்த ஒருவர் டென்மார்க்குக்குப் போய் டாக்டர்கள் உதவியோடு பெண்ணாகியிருக்கிறாராம். முதல் பக்கத்தில் படம். அவருக்குப் படம், நம் ஜானகிக்குத் தம்புசாமியின் கை.

நான் டாக்டர் மோர்லியிடம் பேசப்போகிறேன். பதில் உடனே போடு.

தம்பி தங்கராஜு


சுங்கை ரம்பாய்
20 ஜனவரி 1953

தம்பி தங்கராஜுவுக்கு,

பொங்கல் முடிந்தது. நாங்கள் இருக்கிறோம், நீ சுகமாக இருக்க வேண்டும். அடைமழையில் ஆறு ஏறிவிட்டது. சீக்கிரம் எழுத முடியவில்லை.

மழை மட்டும் காரணம் இல்லை. ஒரு காலையில் கேட்டில் நடந்ததை நான் எழுத மாட்டேன். தம்புசாமி டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். வரிசையில் சிரித்தவர்கள் எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள், நம் வீட்டில் சாப்பிட்டவர்கள். ராமையா மாமா மட்டும் தன் துண்டை எடுத்து அவள் மேல் போட்டார். அவ்வளவுதான்.

அதிலிருந்து ஜானகி வேலைக்குப் போகவில்லை. வேலை செய்யாத ஆளுக்கு லயத்தில் இடம் இல்லை என்று தோட்டத்துக் கிராணி ஆள் விட்டுச் சொன்னார். தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸரிடம் போய்க் கெஞ்சினேன். "பெரிய டாக்டர் யாராவது ஒரு தாள் குடுத்தா, ஆம்பளைங்க வரிசையிலேர்ந்து எடுத்துடச் சொல்லி நான் தோட்டத்துத் தொரைகிட்ட பேசுறேன்" என்றார்.

நீ ஜாடியைப் பற்றி எழுதியதை ஜானகிக்கு வாசித்துக் காட்டினேன். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். "என் மண்டக்குள்ள என்னா இருக்குன்னு வெள்ளக்காரரு நிறுத்துப் பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தெரியுமா லா? எனக்கு எப்பவோ தெரியும்னு அண்ணனுக்கு எழுதுக்கா" என்றாள். எழுதிவிட்டேன்.

தாளுக்கு முயற்சி செய்.

அக்கா


சிங்கப்பூர்
8 பிப்ரவரி 1953

அன்புள்ள அக்காவுக்கும் ஜானகிக்கும்,

இருவரும் நலம்தானே? இந்தக் கடிதம் போய்ச் சேரும்போது இன்னும் நலமாக இருப்பீர்கள். தாள் கிடைத்துவிட்டது! இதோடு வைத்திருக்கிறேன்.

டாக்டர் மோர்லி முதலில், "பார்க்காத ஆளுக்கு நான் எப்படி எழுதுவது?" என்றார். பாவாடைக் கதையைச் சொன்னேன். கிழங்கு சீவியதிலிருந்து தம்புசாமி வரைக்கும். பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கருவில் இருக்கும்போதே சுரப்பி நீர் ஏதோ ஒன்று மூளையை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்களாம். ஆனால் அந்த இடத்தை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லையாம். "உன் வீட்டு ஆள் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியாது என்பது மட்டும்தான்" என்றார். இப்படிச் சொல்லும் வெள்ளைக்காரனை இப்போதுதான் பார்க்கிறேன்.

'இது பிறவி இயல்பு' என்று எழுதத்தான் அவர் நினைத்தார். நான்தான் விடவில்லை. "இயல்புன்னா எங்க தொரை மதிக்க மாட்டாரு சார். மூளைன்னு போடுங்க, விஞ்ஞானம்னா பயப்படுவாங்க" என்றேன். பேனாவைத் திறந்தார். பிறகு, இது நடத்தைக் கேடு அல்ல, இதன் வேர் மூளையில் இருக்கிறது, ஆகவே ஆண்களோடு நிறுத்திச் சோதிப்பது முறையல்ல என்று எழுதி, கல்லூரி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

ஜானகி, இனி நீ கொட்டகைக்குள் போகலாம். மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்குப் போ. நீ முதல்முதலாகப் பால்குடம் எடுத்த வருஷம் மலாக்காவிலிருந்து செங்கில் உள்ள சன்னாசிமலைக் கோயில் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தாய். தார் ரோடு சுட்டதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஒன் செருப்ப சாமிக்குத் தெரியாமக் குடு" என்றாயே! இந்த வருஷம் எனக்காகவும் நட.

மகிழ்ச்சியோடு,
தங்கராஜு


சுங்கை ரம்பாய்
15 மார்ச் 1953

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா?

மரமெல்லாம் இலை கொட்டிவிட்டது. காடு வெளிச்சமாக இருக்கிறது. பால் மிகவும் குறைவு. சன்னாசிமலைக்கு இந்த வருஷம் போகவில்லை.

நீ அனுப்பிய தாள் வந்தது. டிரெஸ்ஸரிடம் கொடுத்தேன். ஜானகி நலம் என்று சொல்கிறார்கள்.

நீ வேலையைக் கவனி. உடம்பைப் பார்த்துக்கொள்.

இருசம்மாள்


சிங்கப்பூர்
5 ஏப்ரல் 1953

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும், கேட்டுவிட்டேன். 'நலம் என்று சொல்கிறார்கள்' என்றால் யார் சொல்கிறார்கள்? ஒரே அறையில் படுத்து எழுகிற தங்கச்சியின் நலத்தை உனக்கு யார் வந்து சொல்ல வேண்டும்?

கொட்டகைக்குள் விட்டார்களா இல்லையா? ஆமா இல்லை என்று ஒரு சொல் போதும்.

தங்கராஜு


சிங்கப்பூர்
17 மே 1953

அக்கா,

நீ சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பதில் இல்லை. லீவு கேட்டால் பரீட்சைக் காலம் என்கிறார்கள். மூளை அறையில் ஜாடிகளைத் துடைத்துக்கொண்டே பழையதை எல்லாம் நினைக்கிறேன். பால் வெட்டும்போது ஜானகி பாடிக்கொண்டே போவாளே, அவள் எந்த மர நிரையில் இருக்கிறாள் என்று பாட்டை வைத்தே கண்டுபிடிப்போம். பாட்டு நின்றால் அட்டை கடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது நீ தூரத்திலிருந்து, "சுண்ணாம்பு வக்கவாடி?" என்று கத்துவாய்.

இப்போது யாருடைய பாட்டு நின்றிருக்கிறது, அக்கா? எழுது. என்னவாக இருந்தாலும் எழுது.

உன் தம்பி


சுங்கை ரம்பாய்
14 ஜூன் 1953

அன்புத் தம்பி தங்கராஜுவுக்கு,

அக்கா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ சாப்பிட்ட பிறகு இதைப் படி.

டிரெஸ்ஸர் உன் தாளைத் துரைக்கு வாசித்துக் காட்டினார். நான் வெளியே படியில் நின்றேன். துரை முழுதும் கேட்கவில்லை. மூளை என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். டிரெஸ்ஸர் வெளியே வந்து சொன்னார், "மூளையில கோளாறு உள்ள ஆளுகிட்ட பால் வெட்டுற உளியக் குடுத்து வேலைக்கு விட முடியாதாம்மா. நேரம் வேற கெட்டுக் கெடக்கு. யாரையாச்சும் வெட்டிட்டா? பெரிய டாக்டரே எழுதிட்டாரே. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தியம் பாத்துத் திருப்பி அனுப்புவாங்க." ஒரு தாளை நீட்டி, "கூடப் பொறந்தவ நீதானே, ஒரு கையெழுத்துப் போடு" என்றார்.

போட்டேன் தம்பி. வைத்தியம் என்றார், போட்டேன்.

தோட்டத்து லாரியில்தான் ஏற்றினார்கள். ஜானகி புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். உன் தாளால்தான் அனுப்புகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் செய்தால் நல்லதுக்குத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ஏறினாள். மெண்டல் ஆஸ்பத்திரி என்று ராமையா மாமா அப்புறம்தான் எனக்குச் சொன்னார்.

சித்திரையில் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தேன். ஆண்கள் வார்டில் போட்டிருக்கிறார்கள். முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். அரைக்கால் சட்டை. நெற்றியின் இரண்டு பக்கமும் புண். வாரம் தவறாமல் கரண்டு வைக்கிறார்களாம். என்னைப் பார்த்து, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள்.

நீ அவ்வளவு மகிழ்ச்சியாக எழுதியிருந்தாய். இதை நான் எப்படி எழுதுவேன்?

உன் அக்கா


சிங்கப்பூர்
19 ஜூலை 1953

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ கையெழுத்துப் போட்டாய், நான் மூளை என்று போடச் சொன்னேன். மற்றதை நேரில் பேசலாம்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே டாக்டர் மோர்லியிடம் போனேன். வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். "நான் எழுதியதில் பொய் இல்லையே" என்றார். "பொய் இல்ல சார். மூளையில குறைன்னு தாள் வந்தா அந்த ஆள எங்க அனுப்புவாங்கன்னு நீங்களும் யோசிக்கல, நானும் யோசிக்கல" என்றேன். "குறை என்று நான் எழுதவில்லை, தங்கராஜு." "தெரியும் சார். ஆனா தொரை அப்படித்தானே கேட்டாரு." மறுநாள் தன் காரிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அவர் பெரிய டாக்டர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வார்டுக்குள் போனேன். எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே மொட்டை. எனக்கு எது அவள் என்று தெரியவில்லை, அக்கா. கூடப்பிறந்தவளைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வார்டர் மலையாளி. "வீரமுத்து! ஏய், வீரமுத்து!" என்று கத்தினான். ஒரு தலையும் திரும்பவில்லை. "இதே தொந்தரவு சார், சொந்தப் பேரே ஞாபகம் இல்ல" என்றான்.

நான் கூப்பிட்டேன். "ஜானகி."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒன்று திரும்பியது. சட்டென்று திரும்பியது. தோளில் முந்தானை இல்லாவிட்டாலும் அதை இழுத்து விட்டுக்கொள்கிற மாதிரிக் கையைக் கொண்டுபோனாள்.

என்னை யார் என்று தெரியவில்லை. அம்மா பெயர் கேட்டேன், தெரியவில்லை. தோட்டம் தெரியவில்லை. சயாம் தெரியவில்லை. எத்தனை முறை கரண்டு வைத்தார்களோ, கிடைத்ததை எல்லாம் வழித்து எடுத்துவிட்டார்கள். எதை எடுக்க நினைத்தார்களோ அது மட்டும் அங்கேயே இருக்கிறது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மோர்லிக்கும் தெரியாது. இவர்களுக்கும் தெரியாது. தெரியாமலேதான் கரண்டைக் கொடுத்திருக்கிறார்கள்!

வீட்டார் பொறுப்பில் விடுவதாக எழுதி வாங்கிவிட்டோம். அடுத்த மாதம் நீ போய்க் கூட்டிக்கொண்டு வா. சேலை எடுத்துப் போ. தலையில் போட்டுக்கொள்ளத் துண்டும்.

தம்பி தங்கராஜு


சுங்கை ரம்பாய்
20 செப்டம்பர் 1953

அன்புத் தம்பிக்கு,

நானும் ஜானகியும் நலம். இதை நானே என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

நம் பகுதியை ஆபத்து நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். ஊரடங்கு இல்லை, அரிசிச் சோதனை இல்லை. கேட் நாள் முழுதும் திறந்தே கிடக்கிறது. தகரக் கொட்டகையைப் பிரித்து யாரோ கோழிக்கூண்டு கட்டிவிட்டார்கள். தம்புசாமிக்கு வேலை போகப்போகிறதாம். நேற்று ஜானகியைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்து, "இவரு யாருக்கா?" என்று கேட்டாள். நான் சொல்வதற்குள் அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு திரிகிறவன் அவன். ஒன்றும் நினைவில்லாமல் நிற்கிறவள் இவள்.

முடி விரல் அளவு வளர்ந்திருக்கிறது. பூ வைக்க முடியவில்லையே என்று தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள். வேலை இன்னும் கொடுக்கவில்லை. ராமையா மாமா கிராணியிடம் பேசுகிறார். பாட்டு வரவில்லை. இரண்டு வரி முனகுகிறாள், பிறகு நின்றுவிடுகிறது.

ஒரு நாள் உன் பழைய கடிதங்களை எடுத்து வாசித்துக் காட்டினேன். பாவாடைக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தப் பொண்ணு கெட்டிக்காரி லா" என்றாள். நீதாண்டி அது என்றேன். நம்பவில்லை. திரும்ப வாசிக்கச் சொன்னாள். இப்போது தினமும் கேட்கிறாள். இருப்பதை எல்லாம் வாசித்துத் தீர்த்துவிட்டேன். என் வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுகிறேன். நீ எழுது தம்பி. பழையதை எழுது. எனக்கு வேண்டாம், அவளுக்கே எழுது.

உன் அக்கா,
இருசம்மாள்


சிங்கப்பூர்
4 அக்டோபர் 1953

என் அன்புத் தங்கச்சி ஜானகிக்கு,

உன் அண்ணன் தங்கராஜு எழுதுவது. நான் சுகம். நெற்றிப் புண் ஆறிவிட்டதா? கோப்பியோடு ரொட்டியும் சாப்பிடு. அக்கா வாசிக்கும்போது தொண்டையைச் செருமினால் தண்ணீர் கொடு. அவளுக்கு அழத் தெரியாது, செருமத்தான் தெரியும்.

உன்னைப் பற்றி எழுதச் சொன்னாள். உம்பாயிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உனக்கு அப்போது பல் விழுகிற வயது. அப்பா நம் மூவரையும் கருவாடு வாங்கக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். நீ என்னுடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருந்தாய். முட்டி வரைக்கும் தொங்கியது. மீன் காயவைத்துக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மா நம்மைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அனாக் பெராப்பா?" என்று அப்பாவைக் கேட்டாள். எத்தனை பிள்ளைகள் என்று. அப்பா தனக்குத் தெரிந்த மலாயில், ரெண்டு பையன், ஒரு பொண்ணு என்றார். நீ அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாய். "தப்பு தப்பாச் சொல்றியேப்பா. ரெண்டு பொண்ணு, ஒரு பையன்" என்று கத்தினாய். அப்பா அந்த அம்மாவிடம் திருத்திச் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு உன் கையில் ஒரு கிளிஞ்சல் கொடுத்தாள். அப்பா தோட்டம் வந்து சேரும் வரை சிரித்தார். உன்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு, "எம் பொண்ணு கணக்குல கெட்டி" என்று வழியில் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். அப்போது ஜப்பான்காரன் வரவில்லை. யாரும் உனக்குப் பாவாடை கட்டியிருக்கவில்லை.

அந்தச் சீட்டில்லாத ஜாடி இன்னும் கீழ்த்தட்டில் இருக்கிறது. புதுச் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். என்ன எழுதுவது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வெறும் சீட்டையே ஒட்டி வைத்திருக்கிறேன். அது உயிரோடு இருந்தபோது யாராவது கேட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

தீபாவளிக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். கிராணியின் மேசையைத் தட்டி வாங்கினேன். சுங்கை ரம்பாய் கடைத்தெருவில் மாலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு வா. கேட்டில் இப்போது வரிசை கிடையாதாம், நேராக நடந்து வெளியே வந்துவிடலாம்.

பஸ்ஸில் என்னைப் போல நிறையப் பேர் இறங்குவார்கள். யார் என்று தெரியாவிட்டால் கவலைப்படாதே. எனக்கும் அன்று உன்னைத் தெரியவில்லை. "அண்ணே" என்று ஒரு சத்தம் போடு. திரும்புகிறவன் நான்.

உன் அண்ணன்,
தங்கராஜு